சாக்ஸ் போடாத ஜெர்ரி: ஓர் உழவர் அரசியலின் வரவு செலவு

1891 டிசம்பரில் வாஷிங்டனில் புதிய காங்கிரஸ் கூடியபோது, கான்சஸ் மாநிலத்திலிருந்து வந்த ஓர் உறுப்பினரின் பட்டப்பெயர் அவருக்கு முன்பே தலைநகருக்கு வந்து சேர்ந்திருந்தது. அவர் பெயர் ஜெர்ரி சிம்ப்சன். பத்திரிகைகள் வைத்த பெயர் 'சாக்ஸ் போடாத ஜெர்ரி'. அவரோடு அவருடைய மக்கள் கட்சியைச் சேர்ந்த ஒரு கைப்பிடி உறுப்பினர்களும் அந்தச் சபைக்குள் நுழைந்தார்கள். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வெளியே நின்று, விவசாயிகளின் வாக்கில் ஜெயித்தவர்கள் அவர்கள்.

இவர்களை எப்படி மதிப்பிடுவது? நாட்டுப்புறக் கோமாளிகளா, விவரம் தெரிந்த சீர்திருத்தக்காரர்களா, ஜனங்களின் கோபத்தைக் கிளறிவிட்டுக் குளிர்காய்ந்தவர்களா? நூறு ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்க வரலாற்றாளர்கள் இந்தக் கேள்வியை விடவில்லை. 'பாப்புலிஸ்ட்' என்ற சொல் இன்று உலகமெங்கும் வசைச்சொல்லாகப் புழங்குகிறது. அதை முதலில் தம் கட்சிக்காரர்களின் பெயராக ஏற்றவர்கள் இந்தக் கான்சஸ்காரர்கள். சிம்ப்சனின் வாழ்க்கையை முன்னே வைத்து, உழவர் அரசியல் என்ற அந்தக் கேள்வியை முழுமையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பலிலிருந்து கழனிக்கு

சிம்ப்சன் 1842-ல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் நியூயார்க் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. பதினான்கு வயதில் பேரேரிகளில் ஓடும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொழில். கப்பல் தலைவராகவும் உயர்ந்தார். இடையே உள்நாட்டுப் போரில் இல்லினாய் படைப்பிரிவு ஒன்றில் சேர்ந்து, உடல்நலம் கெட்டதால் சீக்கிரமே விடுவிக்கப்பட்டார்.

1870-களின் கடைசியில்தான் மனைவி மக்களோடு கான்சஸுக்கு வந்தார். முதலில் ஹோல்டன் ஊருக்குப் பக்கத்தில் பண்ணையும் மர அறுவை ஆலையும். அந்த ஆலையில் நடந்த விபத்தில் அவருடைய சிறு மகள் இறந்தாள். அந்த இடத்தை விட்டுவிட்டுத் தென்மேற்கே பார்பர் கவுண்டிக்குப் போய், மெடிசின் லாட்ஜ் என்ற ஊருக்கு அருகே மாடு வளர்க்கத் தொடங்கினார். கையிலிருந்த பணமெல்லாம் மந்தையில் போயிற்று. 1886 ஜனவரியில் கான்சஸைப் புரட்டிப்போட்ட பனிப்புயலில் அந்த மந்தை அழிந்தது. கடைசியில் நகரக் காவலர் வேலை, மாதம் 40 டாலர் சம்பளம். காங்கிரசுக்கு நின்றபோது அவர் செய்துகொண்டிருந்த உத்தியோகம் அதுதான்.

ஆக, 'விவசாயி' என்ற அடையாளம் சிம்ப்சனுக்கே பாதிதான் பொருந்தும். இது அவர் ஒருவரின் கதை மட்டுமில்லை. கான்சஸின் செனட்டரான வில்லியம் பெஃபர் விவசாயப் பத்திரிகை ஆசிரியர், வழக்கறிஞரும்கூட. ஜார்ஜியாவின் டாம் வாட்சன் நிலக்கிழார், தொழிலால் வக்கீல். டெக்சஸில் உழவர் கூட்டணி என்ற சங்கத்தை வளர்த்த சார்லஸ் மெக்யூன் வைத்தியம் பார்த்தவர். மின்னசோட்டாவின் இக்னேஷியஸ் டானெலி கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் பற்றிப் புத்தகம் எழுதிப் புகழ்பெற்றவர். பண்ணையில் தோற்றவர்களும் பண்ணைக்கு வெளியே உலகைப் பார்த்தவர்களுமே முன்வரிசைக்கு வந்தார்கள். சிம்ப்சனின் கப்பல் அனுபவத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பேரேரிக் கப்பல்களின் முக்கியச் சரக்குகளில் ஒன்று தானியம். களத்தை விட்டுக் கிளம்பிய மூட்டை போகும் வழியில் எத்தனை கை மாறுகிறது என்பது அந்தத் தொழிலில் இருந்தவருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதே மெடிசின் லாட்ஜ் ஓடைக்கரையில்தான் 1867-ல் கயோவா, கொமாஞ்சி, ஷயான், அரப்பாஹோ முதலிய பழங்குடியினரோடு அமெரிக்க அரசு ஒப்பந்தங்கள் செய்து, அவர்களைத் தெற்கே ஒதுக்கிடங்களுக்கு அனுப்ப வழிசெய்தது. கான்சஸ் விவசாயி பறிபோகிறதே என்று கதறிய நிலம், ஒரு தலைமுறைக்கு முன்னால் இன்னொருவரிடமிருந்து பறிக்கப்பட்டது. உழவர் அரசியலின் மேடைகளில் இந்தக் கணக்கு பேசப்படவில்லை.

விலை இறங்கியது, கடன் இறங்கவில்லை

1862-ல் வந்த குடியேற்றச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுபவருக்கு 160 ஏக்கர் நிலம் தந்தது. ரயில் கம்பெனிகளுக்கு அரசு கொடுத்த நிலங்களும் விற்பனைக்கு வந்தன. 1880-களின் முதல் பாதியில் மேற்குக் கான்சஸில் மழையும் நன்றாகப் பெய்தது. கிழக்கு மாநிலங்களின் பணம் அடமானக் கடனாக ஓடிவந்தது. நிலம் விலை ஏறியது. ஏறிய விலையைக் காட்டி மேலும் கடன் வாங்கினார்கள். 1887-ல் வறட்சி தொடங்கியதும் எல்லாம் நின்றது. 1890 கணக்கெடுப்பின்போது கான்சஸில் வரி விதிக்கப்பட்ட நிலத்தில் பாதிக்கு மேல் அடமானத்தில் இருந்தது. மேற்கு மாவட்டங்களில் வந்த வண்டியிலேயே திரும்பிப் போன குடும்பங்கள் ஏராளம்.

மழை பொய்த்தது பாதி கதை. மீதிப் பாதி பணத்தின் கதை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்க அரசு காகிதப் பணத்தைச் சுருக்கி, 1873-ல் வெள்ளி டாலர் அடிப்பதை நிறுத்தி, தங்க அடிப்படைக்குத் திரும்பியது. மக்கள்தொகையும் விளைச்சலும் பெருகின, பணம் அந்த வேகத்தில் பெருகவில்லை. பொருள்களின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. 1870-களின் தொடக்கத்தில் புஷெலுக்கு ஒரு டாலருக்கு மேல் விற்ற கோதுமை, 1894 வாக்கில் ஐம்பது சென்ட் அளவுக்கு வந்தது.

இதைக் கடன் வாங்கியவர் இடத்திலிருந்து பார்க்கலாம். கோதுமை ஒரு டாலர் விற்கும்போது ஒருவர் 1,000 டாலர் கடன் வாங்குகிறார். அசலைக் கட்ட அவர் விற்க வேண்டியது 1,000 புஷெல். விலை அரை டாலருக்கு இறங்கினால் 2,000 புஷெல். கடன் பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் கடன் இரட்டிப்பாகிவிட்டது. எல்லோரும் கூடுதலாக விளைவித்துக் கட்ட முயன்றால் விலை இன்னும் இறங்கும். 1889-90 குளிர்காலத்தில் கான்சஸில் சிலர் மக்காச்சோளத்தை அடுப்பில் போட்டு எரித்தார்கள். விற்றால் கிடைப்பது அந்தக் காசு. வாங்கினால் நிலக்கரி அதைவிட விலை.

தென் மாநிலங்களில் நிலைமை வேறு மாதிரி. அங்கே வங்கிகள் குறைவு. ஊர்க்கடைக்காரர் விதை, உரம், மாவு, துணி எல்லாவற்றையும் கடனுக்குக் கொடுத்து, வரப்போகும் பருத்தியை எழுதி வாங்கிக்கொள்வார். ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. வட்டி அந்த விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கி நிற்கும். பாக்கி தீரும்வரை அடுத்த வருஷமும் அதே கடை, அதே பருத்தி.

உலகச் சந்தையும் இதில் சேர்ந்துகொண்டது. சூயஸ் கால்வாய் திறந்த பிறகு இந்தியக் கோதுமை லண்டனுக்குப் போகத் தொடங்கியது. வெள்ளி விலை சரியச்சரிய, வெள்ளி ரூபாயில் செலவு செய்து தங்க பவுனில் விற்கும் இந்திய ஏற்றுமதிக்காரருக்கு ஆதாயம் என்று வெள்ளியை மீண்டும் நாணயமாக்கக் கோரிய அமெரிக்கர்கள் புகார் சொன்னார்கள். 1893 ஜூனில் பிரிட்டிஷ் இந்திய அரசு, பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதை நிறுத்தியதும் வெள்ளி விலை இன்னும் விழுந்தது. கொலராடோவில் சுரங்கங்கள் மூடப்பட்டன. இந்திய விவசாயியும் கான்சஸ் விவசாயியும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே தராசில் நின்ற காலம் அது.

சங்கம் கட்சியான விதம்

விவசாயிகள் எடுத்த எடுப்பில் கட்சி கட்டிவிடவில்லை. 1867-ல் தொடங்கிய கிரேஞ்ச் சங்கம் முதல் படி. ரயில் கட்டணத்துக்கும் தானியக் கிடங்குக் கட்டணத்துக்கும் மாநில அரசுகள் உச்சவரம்பு வைக்க வேண்டுமென்று அது அழுத்தம் தந்தது. 1877-ல் உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்களை ஏற்றது. 1886-ல் மாநிலம் தாண்டிப் போகும் சரக்கில் மாநிலங்கள் கைவைக்கக் கூடாது என்றது. அதையடுத்து 1887-ல் மத்திய அரசு ஒழுங்காணையம் அமைத்தது. அதற்குப் பல் போதவில்லை.

டெக்சஸில் 1870-களில் முளைத்த உழவர் கூட்டணி அடுத்த படி. விதையும் கருவியும் மொத்தமாக வாங்குவது, பருத்தியைச் சேர்த்து விற்பது என்று அது கூட்டுறவில் இறங்கியது. 1887-ல் டாலஸில் மெக்யூன் தொடங்கிய மாநிலக் கூட்டுறவு மையம் கடைக்காரரைத் தாண்டிப் போக முயன்றது. ஏழை விவசாயிகளின் கையெழுத்துக் கடன் பத்திரங்களை வங்கிகள் ஏற்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் மையம் மூடப்பட்டது. கூட்டுறவு தோற்றது முயற்சி போதாமல் அல்ல. அதற்குக் கடன் கொடுக்க யாருமில்லை. அப்படியானால் அரசே கொடுக்கட்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது.

1889 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் மெக்யூன் வைத்த துணைக் கருவூலத் திட்டம் அந்த எண்ணத்தின் வடிவம். விவசாயம் மிகுந்த மாவட்டங்களில் அரசு கிடங்கு கட்டும். அறுவடை நேரத்தில் விலை அடிமட்டத்தில் இருக்கும்போது விற்காமல் விவசாயி தானியத்தையோ பருத்தியையோ அங்கே வைக்கலாம். சந்தை மதிப்பில் 80 விழுக்காடு அரசு நோட்டாகக் கையில் கிடைக்கும். வட்டி ஆண்டுக்கு 1 விழுக்காடு, அதோடு கிடங்குக் கூலி. ஓராண்டுக்குள் விலை ஏறும்போது விற்றுக் கடனைத் திருப்பலாம். கடைக்காரரின் கடன், அறுவடைக்கால விலைச்சரிவு, பணத் தட்டுப்பாடு மூன்றையும் ஒரே ஏற்பாட்டில் தொட்ட திட்டம் அது. கிழக்கத்திய பத்திரிகைகள் அதைப் பைத்தியக்காரத்தனம் என்றன.

1890 ஜூனில் டொபீகாவில் கான்சஸ் விவசாயிகள் மக்கள் கட்சியைத் தொடங்கினார்கள். பிரசாரம் திருவிழாவாக நடந்தது. வண்டி வண்டியாகக் குடும்பங்கள் வந்தன. பெண்கள் மேடையேறிப் பேசினார்கள். மேரி எலிசபெத் லீஸ், ஆன்னி டிக்ஸ் இருவரும் ஆண் தலைவர்களுக்குச் சமமாகக் கூட்டம் கூட்டினார்கள், மாநில, காங்கிரஸ் தேர்தல்களில் வாக்குரிமை இல்லாத பெண்கள் என்றபோதும். நவம்பரில் மாநிலத்தின் ஏழு காங்கிரஸ் தொகுதிகளில் ஐந்தைக் கட்சி வென்றது.

பட்டப்பெயர் பிறந்த கதை

ஐந்தில் ஒன்று தென்மேற்கின் ஏழாம் தொகுதி. சிம்ப்சனை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் ஹாலோவெல், போரில் கர்னல், வழக்கறிஞர், உடையில் கவனமுள்ளவர். அவர் பட்டுக் காலுறை அணியும் இளவரசர் என்று சிம்ப்சன் கேலி செய்தார். அப்படியானால் உமக்குக் காலுறையே கிடையாதோ என்பது எதிர்க்கேலி. விச்சிடா பத்திரிகையின் இளம் நிருபர் விக்டர் மர்டாக் அதை அச்சேற்றிப் பரப்பினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. யார் முதலில் சொன்னார் என்பதில் பல வடிவங்கள் உண்டு. சிம்ப்சன் மறுக்கவில்லை, கேலியைத் தன் கொடியாக்கிக்கொண்டார். ஓட்டு குவிந்தது.

படங்களில் தெரியும் சிம்ப்சன் கண்ணாடி போட்ட, படிப்பாளிக் களையுள்ள மனிதர். நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி போதும் என்ற ஹென்றி ஜார்ஜின் பொருளாதாரக் கொள்கையை ஊன்றிப் படித்து, கடைசிவரை அதைப் பற்றி நின்றவர். 1886, 1888 இரண்டு முறையும் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றவர். அந்தத் தோல்விகளில் கற்ற மேடைப் பழக்கம் 1890-ல் கைகொடுத்தது. காலுறைக் கதை இந்த மனிதரை மறைத்தது. அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் சேர்த்ததும் அதே கதைதான். ஆனால் நாட்டுப்புறத்தான் என்ற பெயரால் மேலே வந்தவர் வட்டி, கட்டணம், வரி என்று வாதிட்டால் செய்தியாகாது. வாஷிங்டன் பத்திரிகைகளுக்கு வேண்டியிருந்தது அவருடைய கால்தான்.

சபைக்குள்ளே

சபையில் சிம்ப்சன் சுறுசுறுப்பான உறுப்பினர். 1892-ல் ஹென்றி ஜார்ஜின் சுங்கவரி எதிர்ப்பு நூலைச் சில உறுப்பினர்கள் பகுதி பகுதியாகப் பிரித்துத் தங்கள் உரைகளில் சேர்த்து, சபைக் குறிப்பேட்டில் முழுவதுமாக ஏற்றிவிட்டார்கள். சிம்ப்சன் அவர்களில் ஒருவர். சபைக் குறிப்பேட்டை உறுப்பினர்கள் தபால்தலை இல்லாமல் அனுப்பலாம். அரசுச் செலவில் ஒரு பொருளாதார நூல் நாடெங்கும் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. விதிகளைப் படித்து அதன் இடுக்கில் நுழையத் தெரிந்தவர்களின் வேலை அது. 1897-ல் சபாநாயகர் தாமஸ் ரீட் பெரும்பாலான குழுக்களை அமைக்காமலேயே சபையை நடத்தியபோது, விடாமல் எழுந்து ஆட்சேபித்தவரும் சிம்ப்சன்தான்.

அதே சமயம் மக்கள் கட்சி உறுப்பினர்களால் பெரிய சட்டம் எதையும் தனியாக நிறைவேற்ற முடியவில்லை. வாட்சன் 1893-ல் கிராமப்புற வீடுகளுக்குத் தபால் கொண்டு கொடுக்கும் சோதனைக்கு 10,000 டாலர் ஒதுக்க வைத்தார். அஞ்சல்துறை அதைச் செயல்படுத்த 1896 வரை ஆயிற்று. துணைக் கருவூலத் திட்டம் குழுவிலேயே தங்கிவிட்டது. 1894-ல் 4,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 2 விழுக்காடு வரி வந்தது, மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. கான்சஸிலோ நிலைமை கேலிக்கூத்தானது. 1893 பிப்ரவரியில் இரு கட்சிகளும் தாங்களே சட்டமன்றம் என்று தனித்தனிச் சபை நடத்தின. பூட்டிய மன்றக் கதவைக் குடியரசுக் கட்சியினர் சம்மட்டியால் உடைத்து உள்ளே போனார்கள். நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆட்சியைப் பிடிப்பதும் ஆள்வதும் இரண்டு வேறு வேலைகள் என்பதை உழவர் கட்சி விலை கொடுத்துக் கற்றது.

தெற்கின் இரண்டு முகங்கள்

சிம்ப்சனை மட்டும் வைத்து உழவர் அரசியலை எடைபோட்டால் கணக்குத் தவறும். தெற்கு கரோலினாவின் பெஞ்சமின் டில்மனும் விவசாயி என்ற பெயரில் எழுந்தவர்தான். நகரத்து வக்கீல்களையும் பழைய பிரபுக் குடும்பங்களையும் வைது, விவசாயிகளுக்கு ஒரு கல்லூரி வேண்டுமென்று போராடி (கிளெம்சன் கல்லூரி அப்படி வந்தது), 1890-ல் ஆளுநரானார். மக்கள் கட்சியில் அவர் சேரவில்லை. உழவர் கூட்டணியின் கோபத்தை ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே திருப்பிக்கொண்டார். கறுப்பினத்தவர் கொல்லப்பட்ட 1876 ஹாம்பர்க் படுகொலையில் தனக்குப் பங்குண்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட மனிதர் அவர். 1895-ல் மாநில அரசியல் சாசனத்தைத் திருத்திக் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்ததில் முன்னின்றவரும் அவரே. பிறகு 1918-ல் இறக்கும்வரை செனட்டர். சிம்ப்சனுக்குக் காலுறை போல இவருக்கு 'வைக்கோல் முள்' பட்டப்பெயர். வேஷத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே வகை.

வாட்சனின் கதை இன்னும் கசப்பானது. 1892-ல் ஜார்ஜியாவில் கறுப்பு விவசாயிகளையும் வெள்ளை விவசாயிகளையும் ஒரே கூட்டத்தில் நிறுத்தி, உங்கள் இருவரையும் பிரித்து வைத்தே கொள்ளையடிக்கிறார்கள் என்று பேசியவர் அவர். அப்பட்டமான மோசடியில் தோற்கடிக்கப்பட்டார். பின்னாளில் அதே மனிதர் கறுப்பினத்தவர் மீதும் யூதர்கள் மீதும் கத்தோலிக்கர்கள் மீதும் வெறுப்பைக் கக்கும் பத்திரிகையாளராக மாறினார். 1920-ல் செனட்டுக்கு ஜெயித்தது அந்த வாட்சன்தான்.

வெள்ளையர்களின் உழவர் கூட்டணி கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் 1886-ல் டெக்சஸில் தங்களுக்கெனத் தனிக் கூட்டணி அமைத்தார்கள். 1891-ல் பருத்தி பறிக்கும் கூலியை உயர்த்தக் கேட்டு அவர்களில் சிலர் வேலைநிறுத்தம் செய்தபோது, வெள்ளை உழவர் தலைவர் லியோனிடாஸ் போல்க் அதை எதிர்த்தார். ஆர்கன்சாவில் நிறுத்தக்காரர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். வங்கிக்கு எதிரே 'விவசாயி' என்று ஒன்றாகத் தெரிந்தவர்கள், கூலி என்ற கேள்வி வந்ததும் நிலம் உள்ளவர், இல்லாதவர் என்று பிரிந்தார்கள். நிற வேற்றுமையின் அடியில் இந்தப் பிளவும் இருந்தது.

கூட்டுச் சேர்ந்ததும் கரைந்ததும்

1892 ஜூலை 4-ல் ஒமாஹாவில் தேசிய அளவில் மக்கள் கட்சி தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ரயில்வேயும் தந்தியும் அரசுடைமை, வருமான வரி, வெள்ளி நாணயம், துணைக் கருவூலம், அஞ்சல் சேமிப்பு வங்கி. குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளராவார் என்று எதிர்பார்க்கப்பட்ட போல்க் சில வாரங்களுக்கு முன் இறந்துவிட்டார். அவரிடத்தில் நின்ற ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கு மேல் வாக்கும் 22 தேர்வாளர் வாக்குகளும் பெற்றார்.

ஆனால் கட்சிக்குத் தனியாக ஜெயிக்கும் பலம் எங்கும் இல்லை. சிம்ப்சனின் கணக்கே இதைச் சொல்லும். ஜனநாயகக் கட்சியின் ஆதரவு இருந்தபோது ஜெயித்தார். 1894-ல் மாநிலத்தில் அந்த உறவு முறிந்தது, அவரும் தோற்றார். 1896-ல் மறுபடி கூட்டு, மறுபடி வெற்றி. அதே 1896-ல் ஜனநாயகக் கட்சி வெள்ளி நாணயக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்த, மக்கள் கட்சியும் அவரையே வேட்பாளராக ஏற்றது. பிரையன் தோற்றார், கட்சி கரைந்தது. ஒமாஹா அறிக்கையின் எல்லாக் கோரிக்கைகளிலும் எளிதாகக் கோஷமாகக் கூடியது வெள்ளி. அதை முன்னே வைத்ததால் மற்றவை பின்னே போயின. பிறகு கிளான்டைக்கிலும் தென்னாப்பிரிக்காவிலும் தங்கம் குவிந்து, விலைவாசி தானாகவே ஏறத் தொடங்கியதும் வெள்ளிக்கும் வேலையில்லாமல் போயிற்று. ஒரு வேட்பாளர் பெயர் ஒரே கட்சியின் கீழ்தான் வாக்குச்சீட்டில் வரலாம் என்று பல மாநிலங்கள் சட்டம் போட்டு, கூட்டணி வழியையும் அடைத்தன.

சிம்ப்சன் 1898-ல் தோற்றார். சிறிது காலம் விச்சிடாவில் பத்திரிகை நடத்திவிட்டு நியூ மெக்சிகோவின் ராஸ்வெலுக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, சான்டா ஃபே ரயில் கம்பெனியின் நில முகவர். வாழ்நாளெல்லாம் எதிர்த்த கம்பெனிகளில் ஒன்றுக்கு நிலம் விற்றுக் கொடுத்தார். 1905 அக்டோபரில் விச்சிடாவில் இறந்தார். அவருக்குப் பட்டப்பெயர் பரப்பிய மர்டாக் பின்னாளில் கான்சஸின் காங்கிரஸ் உறுப்பினராகி, தன் கட்சியின் சபாநாயகரையே எதிர்த்துக் கலகம் செய்தவர்களோடு சேர்ந்தார்.

வரலாற்றாளர்களின் வழக்கு

1931-ல் ஜான் ஹிக்ஸ் எழுதிய நூல் நெடுங்காலம் பாடப்புத்தகமாக இருந்தது. விலைச்சரிவு, வறட்சி, ரயில் கட்டணம் ஆகியவற்றால் நொந்த எல்லைப்புற விவசாயி நியாயமாகக் கிளர்ந்தார், தோற்றாலும் அவர் கோரிக்கைகள் பின்னால் சட்டமாயின என்பது அவர் வாதம். 1938-ல் வான் உட்வர்ட் வாட்சனின் வாழ்க்கையை எழுதி, ஒரே மனிதருக்குள் நம்பிக்கையும் நஞ்சும் எப்படி வந்தன என்று காட்டினார்.

1955-ல் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் வழக்கைத் திருப்பினார். அமெரிக்க விவசாயி உண்மையில் நிலத்தை வாங்கி விற்கும் சிறு வியாபாரி. கள்ளங்கபடமற்ற உழவன் என்ற புராணத்தைத் தானும் நம்பி, தன் நஷ்டத்துக்குச் சதிகாரர்களைத் தேடினார் என்றார். வங்கிக்காரர்களைப் பற்றிய பாப்புலிஸ்ட்களின் பேச்சில் யூத வெறுப்பின் சாயலையும் சுட்டினார். செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை ஓய்ந்த கையோடு எழுதப்பட்ட நூல் அது. வெகுஜனக் கோபத்தைப் பற்றிய அச்சம் அதில் தெரிகிறது. 1963-ல் வால்டர் நூஜென்ட் கான்சஸ் ஆவணங்களையே எடுத்துவைத்து, அங்கிருந்த பாப்புலிஸ்ட்கள் அந்நியர் வெறுப்பிலோ யூத வெறுப்பிலோ தங்கள் எதிரிகளை மிஞ்சியவர்கள் அல்லர் என்று காட்டினார். சிம்ப்சனின் மாநிலத்தைப் பொறுத்தவரை ஹாஃப்ஸ்டாட்டரின் குற்றச்சாட்டு அப்போதே வலுவிழந்துவிட்டது.

பொருளியல் வரலாற்றாளர்கள் வேறு கோணத்தில் கேள்வி எழுப்பினார்கள். 1960-களில் டக்ளஸ் நார்த், ரயில் கட்டணமும் அதே காலத்தில் இறங்கியதே, அடமானங்கள் சில ஆண்டுக் கெடுவுள்ளவைதானே, பழைய கடனில் நெடுங்காலம் மாட்டிக்கொண்டது எப்படி என்று கேட்டார். நாம் மேலே பார்த்த இரட்டிப்புக் கணக்கை அப்படியே ஏற்கக் கூடாது என்பதே இதன் பொருள். ஆன் மேஹ்யூ 1972-ல் சொன்ன விடை எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. விலை எவ்வளவு என்பதைவிட, விதை முதல் விற்பனை வரை எல்லாமே காசைச் சார்ந்ததாகிவிட்ட வாழ்க்கைதான் விவசாயியை உலுக்கியது என்றார் அவர். ஒரு மோசமான ஆண்டை முன்போல் வீட்டு விளைச்சலை உண்டு கடக்க முடியாது. தவணை தேதி காத்திருக்காது.

1976-ல் லாரன்ஸ் குட்வின் கூட்டுறவு அனுபவத்தை நடுவில் வைத்தார். டாலஸ் மையம் போன்ற முயற்சிகளில் தோற்றுத் தோற்றுத்தான் விவசாயிகள் அரசியல் கற்றார்கள். வெள்ளிக் கோஷம் உண்மையான இயக்கத்தின் நிழல் மட்டுமே என்றார். 2007-ல் சார்லஸ் போஸ்டல் இன்னும் ஓரடி வைத்தார். இவர்கள் பழைய காலத்துக்கு ஏங்கியவர்கள் இல்லை, பெரிய கம்பெனிகளைப் பார்த்துத் தாங்களும் பெரிய அளவில் அமைப்பாக முயன்ற நவீனர்கள் என்றார். இனப் பிரிவினையையும் அவர்களில் பலர் அதே நவீன முன்னேற்றத்தின் ஒரு பகுதியாக ஏற்றதை அவர் மறைக்கவில்லை.

மிச்சம் என்ன?

கட்சி போனாலும் கோரிக்கைகள் போகவில்லை. அஞ்சல் சேமிப்பு வங்கி 1910-ல் சட்டமாயிற்று. வருமான வரியும் செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் 1913-ல் அரசியல் சாசனத்தில் ஏறின. 1916-ல் விவசாயக் கடன் சட்டமும் கிடங்குச் சட்டமும் வந்தன. 1933-ல் ரூஸ்வெல்ட் அரசு விளைபொருளை ஈடாகப் பெற்று விவசாயிக்குக் கடன் கொடுக்கும் கழகத்தை அமைத்தபோது, மெக்யூனின் பைத்தியக்காரத் திட்டம் நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து வேறு பெயரில் அரசுக் கொள்கையானது. ரயில்வேயும் தந்தியும் மட்டும் தனியார் கையிலேயே நிலைத்தன. இவற்றைச் சட்டமாக்கியவர்கள் வேறு கட்சிக்காரர்கள், பெரும்பாலும் நகரத்து வக்கீல்கள். ஒமாஹா அறிக்கையை நேராகப் பார்த்து எழுதினார்கள் என்று சொல்ல முடியாது. பொதுவாழ்வில் அந்தக் கேள்விகளை முதலில் உரக்கக் கேட்டது அந்த அறிக்கை என்பதில் ஐயமில்லை.

சிம்ப்சன் வகை அரசியலின் பலம் அவர் ஏர் பிடித்ததில் இல்லை. தானியத்தின் விலை தன் வயலில் முடிவாவதில்லை என்று அறிந்து, அது முடிவாகும் இடங்களான வங்கி, ரயில், நாணயச்சாலை ஆகியவற்றை நோக்கிக் கேள்வியைத் திருப்பியதில்தான் அது இருந்தது. அந்த அறிவு கூட்டுறவிலும் சங்கக் கூட்டங்களிலும் பல ஆயிரம் பேர் சேர்ந்து கற்றது. தனி மனிதரின் நாட்டுப்புறக் கவர்ச்சி அதற்கு விளம்பரமானது, பல சமயம் திரையுமானது. டில்மனிடம் அதே கவர்ச்சி அதே அளவு இருந்தது. அவர் அதை வைத்துச் செய்தது, ஏழைகளில் ஒரு பகுதியை வாக்குச்சாவடியிலிருந்து விரட்டியது. ஆகவே மண்ணின் மைந்தர் என்ற அடையாளம் ஓர் அரசியல்வாதியைப் பற்றி நமக்கு அதிகம் சொல்வதில்லை. கிடங்கில் யாருடைய மூட்டைக்கு இடமுண்டு, வாக்குப் பெட்டியில் யாருடைய சீட்டுக்கு இடமுண்டு என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கான்சஸ் முதல் கேள்வியைத் துணிந்து கேட்டது. தெற்கு இரண்டாவதில் தோற்றது. அந்தத் தோல்விதான் முதல் கேள்வியின் வெற்றியையும் அரை நூற்றாண்டு தள்ளிப்போட்டது என்பதே இந்த நெடிய வழக்கைப் படித்து நான் வந்து சேர்ந்த முடிவு.